1957–66 டிவி பாப் நிகழ்ச்சிகள்: நிஜமாகப் பாடுகிறார்களா, வாயசைப்பா? கிளிப்பை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

கறுப்புவெள்ளைப்பெட்டி:

காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு. இளவட்டங்களுக்கென்றே முதன்முதலில் வந்த டிவி இசை நிகழ்ச்சிகளிலிருந்து இருபது கிளிப்புகள் சேர்த்திருக்கிறேன். பிரிட்டனிலிருந்து ஓ பாய், ரெடி ஸ்டெடி கோ, டாப் ஆஃப் தி பாப்ஸ், அமெரிக்காவிலிருந்து அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட், ஜெர்மனியிலிருந்து பீட்-கிளப். மூன்று இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது, எது வாயசைப்பு, எது நேரடிப் பாட்டு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிடாரில் ஒயர் செருகியிருக்கா பாருங்க, இல்லைன்னா வாயசைப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது போதுமா?

இரண்டாவது, கிளிப்பின் ஒலி மோசமாக இருப்பதால் இசைத்தட்டின் சுத்தமான ஒலியைப் படத்தோடு பொருத்திப் பார்த்தேன். தொடக்கத்தில் உதடு அச்சாகப் பொருந்துகிறது, முடிவதற்குள் விலகிவிடுகிறது. 150 விநாடிப் பாட்டு ஒரு கிளிப்பில் 144 விநாடியிலேயே முடிந்துவிடுகிறது. இன்னொன்றில் வித்தியாசம் ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்குதான், ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிறது. மூன்றாவது ஒன்றில் ஒன்றரை விநாடி.

மூன்றாவது, இவ்வளவு பேர் பார்த்த நிகழ்ச்சிகளில் ஏன் இவ்வளவு சொற்பம் மிஞ்சியிருக்கிறது? "பிபிசி அழித்துவிட்டது" என்ற ஒற்றை வரி பதில் மாணவர்களுக்குப் போதாது.

---

ஒலிநாடா66:

ஒயரைப் பிறகு பார்க்கலாம். முதலில் நிகழ்ச்சியையும் தேதியையும் பாருங்கள், பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் வந்துவிடும். வாயசைப்பதா பாடுவதா என்பதை அந்தக் காலத்தில் பாடகர் தீர்மானிக்கவில்லை. தயாரிப்பாளரும் ஸ்டுடியோவின் அளவும் இசைக்கலைஞர் சங்கமும் தீர்மானித்தார்கள்.

பிரிட்டனில் தொடக்கம் பிபிசியின் சிக்ஸ்-ஃபைவ் ஸ்பெஷல், 1957 பிப்ரவரி 16, சனிக்கிழமை மாலை 6.05. அதுவரை 6 முதல் 7 மணி வரை டிவி மூடியே இருக்கும், குழந்தைகளைத் தூங்கவைப்பதற்காக. அந்த மூடுமணியை எடுத்துவிட்டதால் கிடைத்த காலி நேரத்தில் முளைத்த நிகழ்ச்சி இது. தயாரிப்பாளர் ஜாக் குட். மேலிடம் கேட்டது விளையாட்டு, பேட்டி, பொழுதுபோக்கு எல்லாம் கலந்த கதம்பம். இவர் அரங்க அமைப்புகளைச் சக்கரத்தின் மேல் கட்டவைத்து, ஒளிபரப்பு தொடங்கும் நேரத்தில் ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் பையன்களையும் பெண்களையும் ஆடவிட்டார். பாட்டு பெரும்பாலும் நேரடி.

அதே ஜாக் குட் 1958 செப்டம்பரில் போட்டிச் சேனலுக்குப் போய் ஓ பாய் தொடங்கினார். ஹாக்னி எம்பயர் என்ற பழைய நாடகக் கொட்டகையிலிருந்து நேரடி ஒளிபரப்பு. எல்லாப் பாடகருக்கும் பின்னால் ஒரே வீட்டுக்குழு, அதாவது நிகழ்ச்சியின் சொந்த வாத்தியக் குழு: லார்ட் ராக்கிங்ஹாம்ஸ் லெவன். இதுதான் உங்களுக்குத் துப்பு. ஓ பாய் கிளிப்பில் இசைத்தட்டில் இல்லாத சாக்ஸபோன் கேட்டால் குழம்பாதீர்கள். அந்தக் குழுவின் வாசிப்பு அப்படித்தான் இருக்கும். பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் கிருதாவை மழித்து, கையிலிருந்த கிடாரையும் வாங்கிவைத்ததும் ஜாக் குட்தான். ஆக "கிடார் இல்லை, எனவே வாயசைப்பு" என்ற கணக்கு இங்கே அப்படியே தலைகீழ்.

அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட் நேர் எதிர். 1952-இல் ஃபிலடெல்ஃபியாவில் உள்ளூர் நிகழ்ச்சியாகத் தொடங்கியது; 1956 ஜூலையில் தொகுப்பாளராக டிக் கிளார்க் வந்தார்; 1957 ஆகஸ்ட் 5 முதல் நாடு முழுக்க, வார நாள்களில் பிற்பகல். அங்கே நாயகன் இசைத்தட்டு. வந்த பாடகர் தன் தட்டுக்கே வாயசைப்பார். ஆடுகிற பிள்ளைகள் புதுத் தட்டுக்கு 35 முதல் 98 வரை மதிப்பெண் போடுவார்கள். பேண்ட்ஸ்டாண்ட் கிளிப் என்றால் வாயசைப்பு என்றே வைத்துக்கொண்டு, மாறாக ஆதாரம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

ரெடி ஸ்டெடி கோ (1963 ஆகஸ்ட் 9 – 1966 டிசம்பர் 23) தான் நடுவில் வழி மாறியது. முதலில் லண்டன் கிங்ஸ்வேயில் சின்ன ஸ்டுடியோ. ஆடுகிறவர்களும் கேமராவும் முட்டிக்கொள்கிற இடத்தில் கிடார் ஆம்ப்ளிஃபயரின் சத்தம் பாடகர் மைக்கில் புகுந்து எல்லாம் கூழாகிவிடும், அதனால் பெரும்பாலும் வாயசைப்பு. 1965 ஏப்ரலில் வெம்ப்லியின் பெரிய ஸ்டுடியோவுக்கு மாறி நேரடிப் பாட்டுக்கு வந்தார்கள். 1966 செப்டம்பர் 16-இல் வந்த ஓடிஸ் ரெடிங் சிறப்பு நிகழ்ச்சியைக் கேளுங்கள். மூச்சும் வியர்வையும் தெரியும். 1964 கிளிப்பை அதன் பக்கத்தில் வைத்தால் வகுப்பில் வேறு விளக்கமே வேண்டாம்.

டாப் ஆஃப் தி பாப்ஸ் 1964 ஜனவரி 1-இல் மான்செஸ்டர் டிக்கன்சன் ரோட்டில், ஸ்டுடியோவாக மாற்றிய ஒரு பழைய தேவாலயத்தில் தொடங்கியது. ஆரம்பத்தில் வாயசைப்பை மறைக்கவே இல்லை: அறிவிப்பாளர் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து தட்டை எடுத்து வைப்பதையே காட்டுவார்கள். 1966 நடுவில் இசைக்கலைஞர் சங்கத்தின் அழுத்தத்தால் தட்டுக்கு வாயசைப்பது நின்றது. அதன் பிறகு இரண்டே வழி. ஸ்டுடியோவின் வாத்தியக் குழுவோடு நிஜமாகப் பாட வேண்டும், அல்லது பின்னணி இசையை நிகழ்ச்சிக்காகப் புதிதாகப் பதிவு செய்து அதன் மேல் பாட வேண்டும்.

---

வானொலிக்காலம்:

இவ்வளவு நீட்டணுமா? டிவியில் வந்த பாப் பாட்டில் முக்கால்வாசி ஏமாற்று வேலை. இசைத்தட்டு விற்கிறதுக்கு வந்தாங்க, வாயை அசைச்சிட்டுப் போனாங்க. பையங்களுக்கு அப்படியே சொல்லிடுங்க சார்.

---

ஒலிநாடா66:

தட்டு விற்க வந்தார்கள் என்பது சரி. மற்றது அப்படி இல்லை. 1967 மார்ச் 30 டாப் ஆஃப் தி பாப்ஸில் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடையில் நிற்கிறார், வேறொருவர் பாட்டின் பின்னணி இசையை ஓடவிட்டுவிட்டார்கள். தனக்கு இதன் வரிகள் தெரியாதே என்றார் அவர். முழு வாயசைப்பாக இருந்திருந்தால் வேறொருவர் குரலே வந்திருக்கும், அவர் மைக்கும் மூடியிருக்கும். பின்னணி டேப்பில், குரல் நேரடி. பாதி நிஜம், பாதி டேப். உங்கள் "முக்கால்வாசி" கணக்கில் இதை எந்தப் பக்கம் போடுவீர்கள்?

பெட்டிக்கு: பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளங்கள், என் நம்பிக்கை வரிசையில்.

பாட்டு மெல்லத் தேய்ந்து முடிந்தால், அது தட்டு அல்லது டேப். மேடையில் ஐந்து பேர் ஒரே சீராக ஒலியைக் குறைத்துக்கொண்டே போக மாட்டார்கள். ஒரே வாயிலிருந்து இரண்டு குரல் கேட்டால், ரெக்கார்டிங்கில் குரலை இரட்டையாக அடுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதுவும் தட்டுதான். இந்த இரண்டும் கிட்டத்தட்டத் தப்பாது.

அடுத்து சிம்பல், டிரம் செட்டில் இருக்கிற உலோகத் தாளம். நிஜமாக அடித்தால் அது ஆடி அடங்க நேரமாகும். ஒலியில் பெரிய முழக்கம் கேட்டு, படத்தில் சிம்பல் அசையாமல் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒயர், மைக் இரண்டும் பலவீனமான சாட்சி. மைக்கே தெரியாவிட்டாலும் சட்டகத்துக்கு மேலே பூம் மைக் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஒயர் செருகியிருந்தாலும் ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்கலாம். ஒயர் அறவே இல்லாத மின்கிடார் மட்டும் சாட்சி, அதுவும் கிடாருக்குத்தான். பாடுகிறவர் அப்போதும் நிஜமாகப் பாடிக்கொண்டிருக்கலாம்.

காதுக்கு ஒரு சின்ன அடையாளம் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. 45 சுழற்சித் தட்டு ஒரு சுற்றுக்கு 1.33 விநாடி எடுக்கும். ஓட்டுபவர் முதல் ஒலி வருகிற இடத்தில் முள்ளை நிறுத்தி, தட்டைக் கையால் அரைச் சுற்று பின்னால் திருப்பி வைத்திருப்பார், கிளப்பினால் குறைந்தது 0.67 விநாடி கழித்து, முழு வேகம் வந்தபின் முதல் சுரம் கேட்கும். பின்திருப்பியது போதாவிட்டால் முதல் சுரம் கீழிருந்து இழுத்துக்கொண்டு மேலே ஏறும், "வூஉம்" என்று. அந்த இழுப்பு கேட்டால் சுற்றியது தட்டு. குரலோடு எடுத்தவுடன் தொடங்குகிற பாட்டுகளில் பாடகர் முதல் சொல்லைத் தவறவிடுவதும் இதனால்தான். தட்டில் "ஒன், டூ, த்ரீ" கிடையாது. ஃப்ளோர் மேனேஜர் கையை இறக்குவதுதான் சைகை.

---

பிரேம்25:

இரண்டாவது கேள்விக்கு. உங்கள் மூன்று கிளிப்பும் மூன்று தனி வியாதி.

150 விநாடி 144 ஆவது 24-க்கும் 25-க்கும் நடக்கிற பழைய சண்டை. அமெரிக்காவில் டிவி திரையை விநாடிக்கு 24 பிரேம் (படச்சட்டம்) ஓடும் பிலிமில் படம் பிடித்து நகல் எடுத்தார்கள். அதை ஐரோப்பிய முறையில் ஓட்டும்போது 25 பிரேமாக ஓடும். 150 × 24 ÷ 25 = 144. சுருதியும் சேர்ந்து ஏறும், அரைக் கட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு. மறுபக்கமும் உண்டு: பிரிட்டிஷ் நகல் 25 பிரேமில் எடுத்தது, அதை 24-இல் ஓட்டினால் 156.25 விநாடியாக நீளும், குரல் கனத்துவிடும். ரெடி ஸ்டெடி கோவின் அறிவிப்பாளர் கேத்தி மெக்கோவன் அறிவிப்பு திடீரென்று ஆண்குரல் மாதிரி இறங்கிக் கேட்டால் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஏழில் ஒரு பங்கு விநாடி: பிரேம் வேகத்தில் 30-க்கும் 29.97-க்கும் (அல்லது 24-க்கும் 23.976-க்கும்) உள்ள ஆயிரத்தில் ஒரு பங்கு. 150 விநாடியில் 0.15 விநாடி. கேட்பதற்குச் சின்னதாக இருந்தாலும் 25 பிரேம் கணக்கில் கிட்டத்தட்ட 4 பிரேம். ஒலி முந்தினால் 40 மில்லி விநாடி, பிந்தினால் 60, இதற்குள் வைத்திருக்கச் சொல்கிறது ஐரோப்பிய ஒளிபரப்புச் சங்கத்தின் பரிந்துரை. முந்துவதுதான் கண்ணை அதிகம் உறுத்தும். இயற்கையில் ஒலி ஒருபோதும் காட்சிக்கு முன்னால் வராது இல்லையா.

ஒன்றரை விநாடி என்றால் 1 சதவீதம். அது எந்தப் பிரேம் கணக்கிலும் அடங்காது. அன்றைக்குச் சுழன்ற தட்டின் வேகமோ, நகல் எடுத்த டேப்பின் வேகமோ கொஞ்சம் தப்பியிருக்கிறது.

செய்முறை இதுதான். கிளிப்பில் தெளிவான முதல் டிரம் அடியின் நேரத்தையும் கடைசி அடியின் நேரத்தையும் குறியுங்கள். தட்டின் ஒலியிலும் அதே இரண்டு அடிகள். தட்டின் இடைவெளியைக் கிளிப்பின் இடைவெளியால் வகுத்தால் விகிதம். 1.0417 வந்தால் 25/24, 1.001 வந்தால் 30/29.97. வேறு எண் வந்தால் வேகத் தப்பு. பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் தட்டின் ஒலிக்கு "வேகம்" மாற்றுங்கள். "டெம்போ" அல்ல: டெம்போ சுருதியைப் பிடித்துவைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் மாற்றும், கிளிப்பில் நடந்தது அது இல்லை.

இன்னும் நல்லது, படத்தைச் சரியான வேகத்துக்குத் திருப்பிவிட்டு தட்டின் ஒலியைத் தொடாமல் விடுவது. வகுப்பில் காட்டும்போது ஆட்டமும் அப்போதுதான் சரியான வேகத்தில் இருக்கும். 24-இல் எடுத்ததை 25-இல் பார்த்துவிட்டு "அந்தக் காலத்துப் பிள்ளைகள் என்ன வேகமாக ஆடுகிறார்கள்" என்று எழுதியவர்கள் உண்டு.

விகிதத்தை மட்டும் நம்பாமல் சரிபார்க்க ஓர் உபாயம். பிரிட்டனில் அப்போது 405 வரி டிவி, அதாவது ஒரு படத்துக்கு 405 கிடைக்கோடு, விநாடிக்கு 25 படம். 405 × 25 = 10,125; அந்த அதிர்வெண்ணில் டிவிப் பெட்டிகள் மெல்லிசாக விசில் அடிக்கும். வீட்டில் டிவி முன்னால் மைக் வைத்து எடுத்த ஒலிநாடாக்களில் அது பதிந்திருக்கும். ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரோகிராமில் (அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் பார்வை) நேர்கோடாகத் தெரியும். கோடு 10,125 ஹெர்ட்ஸில் இருந்தால் வேகம் சரி. 10,547-இல் இருந்தால் 25/24 வேகத்தில் ஓடுகிறது. அளவுகோலை அவர்களே ஒலியில் பதித்துக் கொடுத்த மாதிரி. ஆனால் 16 மி.மீ. பிலிமின் ஒளித்தட ஒலியில் இதைத் தேடாதீர்கள். அவ்வளவு உச்ச ஒலி அதில் நிற்காது. அங்கே மின்சார இரைச்சலைப் பாருங்கள்: பிரிட்டன் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்கா 60. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிலிமை டிஜிட்டலாக்கிய கருவியும் தன் பங்குக்கு இரைச்சல் சேர்த்திருக்கும். 50-இல் ஒரு கோடு, 52-இல் ஒரு கோடு என்று இரண்டு தெரிந்தால், 50 புதுக் கருவியுடையது, 52 அன்றைய ஸ்டுடியோவுடையது.

---

அரைக்கட்டை:

வாயசைப்பா என்பதை அடித்துச் சொல்ல வேண்டுமென்றால் கழித்துப் பார்ப்பதுதான் வழி. பிரேம்25 சொன்னபடி வேகத்தைச் சரிசெய்தபின், தட்டையும் கிளிப்பையும் இரண்டு தடத்தில் போடுங்கள். முதல் டிரம் அடியைப் பெரிதாக்கி அலையின் முகடும் முகடும் ஒட்டும்வரை நகர்த்துங்கள். ஒன்றைத் தலைகீழாக்கி (இன்வெர்ட்) இரண்டையும் ஒரே அளவில் சேர்த்து ஓட்டுங்கள். ஒரே ஒலியாக இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்: பாட்டு பள்ளத்தில் விழுந்த மாதிரி மங்கும், ரசிகர் கூச்சலும் கைதட்டலும் மட்டும் மேலே நிற்கும். அந்தக் கணத்தை வகுப்பில் போட்டுக் காட்டுங்கள்.

இணையத்திலிருந்து எடுத்த ஒலி ஏற்கெனவே நசுங்கியது, எனவே முழு அமைதி வராது. குரல் தெளிவாகக் குறைந்தால் போதும். ஒரு மில்லி விநாடி தள்ளியிருந்தால்கூட 500 ஹெர்ட்ஸ் பக்கம் கழிவதற்குப் பதிலாகக் கூடிவிடும், "நேரடிப் பாட்டு" என்று தப்பாக முடிவுகட்டிவிடுவீர்கள். பழைய டேப்பும் பிலிமும் ஓட்டத்தில் தள்ளாடும். முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் செய்யாமல் பத்துப் பத்து விநாடித் துண்டாக, ஒவ்வொன்றையும் தனியாக ஒட்டிப் பாருங்கள்.

பெரிய பொறி வேறு இடத்தில் இருக்கிறது. 60-களின் சிங்கிள் தட்டு மோனோ. இன்றைக்குக் கடையிலும் செயலியிலும் கிடைப்பது பெரும்பாலும் ஸ்டீரியோ கலவை. ஒரே பாட்டுக்குச் சில சமயம் குரலே வேறு டேக்காக, அதாவது வேறொரு முறை பாடிப் பதிந்ததாக இருக்கும், முடிவு ஐந்து விநாடி நீண்டிருக்கும். அதை வைத்துக் கழித்தால் கழியவே கழியாது. அந்த ஆண்டு அந்த நாட்டில் வந்த மோனோ சிங்கிள்தான் வேண்டும்.

நிஜமாகப் பாடியதாக இருந்தால் விகிதமே நிலையாக நிற்காது. முதல் சரணம் பொருந்தும், பல்லவியில் 200 மில்லி விநாடி முந்தும், இடையிசையில் பின்வாங்கும். மேடையில் காலப்பிரமாணம் கொஞ்சம் ஓடத்தான் செய்யும், அதிலும் எதிரே பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போது.

1966-க்குப் பிந்திய டாப் ஆஃப் தி பாப்ஸில் இந்தச் சோதனை உங்களை ஏமாற்றும். பின்னணி தட்டு மாதிரியே இருக்கும், கழியாது. புதிதாகப் பதிந்தது என்று அர்த்தம். வீட்டு வாத்தியக் குழுவாக இருந்தால் சோதனையே வேண்டாம். குறிப்பைப் பார்த்துச் சுத்தமாக வாசிக்கிறவர்கள் ராக் பாட்டின் கிடார் உறுமலை டிராம்போனில் ஊதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

---

பிரேம்25:

மூன்றாவது கேள்விக்கு. "அழித்துவிட்டார்கள்" என்பதற்குள் நாலு தனி விஷயம் இருக்கிறது.

ஓ பாய் மாதிரியான நேரடி ஒளிபரப்பில் பலவற்றைப் பதிவு செய்யவே இல்லை. அழிப்பதற்கு ஒன்றும் இருந்தால்தானே. கொஞ்சம் மிஞ்சியது டிவி திரையைப் பிலிமில் எடுத்ததால்.

பதிவு செய்தவை 2 அங்குல அகல நாடாவில். ஆம்பெக்ஸ் 1956-இல் கொண்டுவந்த முறை: நாலு பதிவுத் தலை பொருத்திய சிறு உருளை, அமெரிக்க முறையில் நிமிடத்துக்கு 14,400 சுற்று, நாடா விநாடிக்கு 15 அங்குலம். அரை மணி நிகழ்ச்சிக்கு 2,250 அடி நாடா. விலை அதிகம், திரும்பத் திரும்பப் பதியலாம். வெட்டி ஒட்டினால் அந்த நாடாவின் மறுபயன் கெட்டுவிடும், அதனால் நேரடி நிகழ்ச்சி மாதிரியே நிற்காமல் எடுத்தார்கள். அந்தக் காலக் கிளிப்பில் கேமராமேன் குறுக்கே வருவதும் விளக்கு ஆடுவதும் வெட்டப்படாமல் இருப்பதற்கு இதுவும் காரணம். ரெடி ஸ்டெடி கோ மட்டும் கேமராக்களை வேண்டுமென்றே காட்டியது, அது அவர்கள் பாணி.

மூன்றாவது, சங்க ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. திரும்பப் போட முடியாத நாடாவை, அதுவும் போன வார ஹிட் பாட்டை, அலமாரியில் வைத்து என்ன செய்வது என்றுதான் நினைத்திருப்பார்கள். நாலாவது, 1969 நவம்பரில் பிரிட்டனின் இரண்டு பெரிய சேனல்களும் வண்ணத்துக்கு மாறியதும் கறுப்புவெள்ளைச் சரக்கின் மதிப்பு ஒரேயடியாக இறங்கியது.

மிஞ்சியதில் நிறைய பிலிம் நகல். எந்த நாட்டு டிவி முறையிலும் ஓட்டலாம் என்பதால் வெளிநாட்டு விற்பனைக்குப் பிலிமில்தான் அனுப்பினார்கள். ரெடி ஸ்டெடி கோவில் மிஞ்சியதை இசைக்கலைஞர் டேவ் கிளார்க் 1980-களில் வாங்கிவைத்துக்கொண்டார். 60-களின் டாப் ஆஃப் தி பாப்ஸ் முழு நிகழ்ச்சியாக விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருக்கிறது. பீட்டில்ஸ் அந்த ஸ்டுடியோவுக்கு நேரில் வந்து தோன்றியது ஒரே முறை, 1966 ஜூன் 16. அந்த நாடா இல்லை. யாரோ வீட்டில் டிவி திரையை 8 மி.மீ. கேமராவில் பிடித்த 11 விநாடி, ஒலியில்லாமல், 2019-இல் வெளிவந்தது.

பிரெமனின் பீட்-கிளப் (1965 செப்டம்பர் 25 – 1972) தேறியது வேறு கதை. ஜெர்மனியில் பத்திரமாகவே வைத்திருந்தார்கள், அதனால்தான் உங்கள் தொகுப்பில் அதன் படம் மட்டும் பளிச்சென்று இருக்கும். 625 வரி என்பதும் ஒரு காரணம். முதல் நிகழ்ச்சிக்கு முன் அறிவிப்பாளர் வில்ஹெல்ம் வீபன் வந்து, இந்த இசை பிடிக்காத பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும் என்கிற தொனியில் முன்னறிவிப்பு கொடுத்தார். அந்தத் துண்டு கிடைத்தால் வகுப்பை அதிலிருந்தே தொடங்கலாம்.

---

கறுப்புவெள்ளைப்பெட்டி:

எல்லோருக்கும் நன்றி. 144 விநாடிக் கிளிப் பேண்ட்ஸ்டாண்ட்தான், படத்தை 24-க்கு இறக்கியதும் உதடு கடைசிவரை பொருந்திவிட்டது. கழித்துப் பார்த்ததில் குரல் மங்கி, பிள்ளைகளின் செருப்புச் சத்தம் மட்டும் நின்றது. இன்னும் ஒரு சந்தேகம்: சில கிளிப்பில் கிடாரின் பளபளப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் தெரிகிறது. நகலில் வந்த பழுதா? சரிசெய்ய வேண்டுமா? அசைவும் ஒரு கிளிப்பில் வழுவழுவென்று, இன்னொன்றில் சினிமா மாதிரி.

---

பிரேம்25:

வளையம் பழுதில்லை, தொடாதீர்கள். இமேஜ் ஆர்த்திகான் கேமராக் குழாயின் குணம் அது: அதிக வெளிச்சம் பட்ட இடத்திலிருந்து சிதறும் எலக்ட்ரான்கள் சுற்றுப்புறத்தை இருட்டாக்கும். சிம்பல், கிடாரின் குரோமியம், வெள்ளைச் சட்டைக் காலர், இந்த மூன்றிலும் பாருங்கள். அந்த வளையம் இருந்தால் டிவி கேமராவில் எடுத்தது. பிலிம் கேமராவில் எடுத்த விளம்பரத் துண்டில் அது வராது. தேதி குழம்பிய கிளிப்பை இனம்பிரிக்க உதவும்.

அசைவு வழுவழுப்பாக இருந்தால் விநாடிக்கு 50 அரைப்படங்களும் (ஒரு பிரேமின் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் ஓர் அரைப்படம்) மிஞ்சியிருக்கின்றன, அதாவது மூலம் வீடியோ நாடா. சினிமா மாதிரி இருந்தால் பிலிம் நகல், 25-தான். ஆனால் முடிவு சொல்வதற்கு முன் கோப்பின் பிரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். நல்ல வீடியோவை ஏற்றியவர் பாதி அரைப்படத்தைத் தூக்கிப்போட்டு 25 ஆக்கியிருந்தால் அதுவும் சினிமா மாதிரிதான் தெரியும். அசைகிற கையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: அரைப்படங்கள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன, டிஇன்டர்லேஸ் செய்யும்போது (அரைப்படங்களைப் பிரித்து முழுப்படமாக்கும்போது) 50 பிரேம் வெளியீடு என்று தேர்வு செய்தால் வழுவழுப்பு திரும்பிவிடும்.

---

அரைக்கட்டை:

செருப்புச் சத்தம் நின்றது என்றால் உங்கள் ஒட்டு சரியாக இருக்கிறது. அந்தக் கழித்த ஒலியைத் தனியாகச் சேமித்து வையுங்கள், அப்புறம் தேடினால் அதே இடத்தில் ஒட்ட மறுபடியும் அரை நாள் போகும்.